ரோமாபுரியில் துணி வெளுத்தவர்கள்

அப்பாவின் பழைய வேட்டி ஒன்று என் மேசையில் விரிந்து கிடக்கிறது. மடிப்பு விழுந்த இடமெல்லாம் பழுத்து, தொட்டால் கிழியும் போலிருக்கிறது. இடது மூலையில் மட்டும் ஒரு கறுப்புக் குறி அழியாமல் இருக்கிறது. ஒரு சாய்ந்த கோடு, அதன் அடியில் இரண்டு புள்ளிகள். உன் அம்மா சேங்கொட்டையை ஊசியால் குத்தி, கசிந்த பாலைத் தொட்டு வைத்தது. வெளுக்க வந்த துணியில் எது எந்த வீட்டுடையது என்று உங்களுக்குத் தெரிவதற்காக ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி. இது எங்கள் வீட்டுக் குறி. இந்தக் குறி வைத்த துணிகளை இத்தனை வருஷம் உடுத்தியும் நான் ஒரு நாள்கூட இதை உற்றுப் பார்த்ததில்லை.

இன்று காலை பரணில் ஏறி இதை எதற்காகத் தேடி எடுத்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் உன்னோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது. நீ போய் மூன்று மாதம் ஆகிறது. போனவர்களைத் திட்டக் கூடாது என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்களுக்கு உன்னைப் போல ஒரு சிநேகிதன் வாய்த்திருக்க மாட்டான்.

இரங்கல் கூட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் வயிறு எரியத் தொடங்கியது அங்கேதான். நம்மோடு எம்.ஏ. வரலாறு படித்தவர்கள் இருபது பேர் சேர்ந்து, நாம் படித்த அதே வகுப்பறையில் கூட்டம் வைத்தோம். நான் இப்போது அந்தத் துறையிலேயே பேராசிரியன் என்பதால் நாற்காலி போடுவது முதல் மாலை வாங்குவது வரை எல்லாம் என் தலையில்தான். நம் பழைய துறைத்தலைவரும் வந்திருந்தார். எண்பது வயதைத் தாண்டிவிட்டார். வேட்டியில் ஒரு சுருக்கம் கிடையாது. மைக்கைப் பிடித்துக்கொண்டு, "நல்ல பையன். அறிவான பையன். என்ன, அவனுக்குத் தலைப்பு எடுக்கத் தெரியல. அதனாலதான் தாலுகா ஆபீஸ்ல குமாஸ்தாவாவே நின்னுட்டான்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். உன் போட்டோவுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்த நான் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டிருந்தேன்.

தலைப்பு எடுக்கத் தெரியாதாம். உனக்கு!

அந்த வகுப்பில் தலைப்பு எடுக்கத் தெரிந்த ஒரே ஆள் நீதான். பண்டைய மேற்குலக வரலாற்றுத் தாளுக்கு ஆளுக்கொரு ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். மற்றவர்களுக்குத் தலைப்புத் தேடுவது என்றால் துறை அலமாரியைத் திறப்பது. முந்தைய வருஷத்துக் கட்டுரைகளைக் கீழே இறக்கி, எதற்கு எவ்வளவு மார்க் விழுந்தது என்று சீனியர்களிடம் விசாரித்து, ராசியான தலைப்பாகப் பொறுக்கிக்கொள்வோம். எல்லாவற்றிலும் 'எழுச்சியும் வீழ்ச்சியும்' இருக்கும். ஏதென்ஸ் எழுந்து விழும். ஸ்பார்ட்டா எழுந்து விழும். நான் எடுத்தது ஜூலியஸ் சீசர். எனக்கு முன்பே ஏழு பேர் அவரை எழுப்பி விழவைத்திருந்தார்கள். எட்டாவது ஆளாக நானும் கத்தியைச் சொருகினேன். அதற்கு எண்பத்திரண்டு மார்க்.

நீ அலமாரிப் பக்கமே வரவில்லை. நூலகத்தின் மூலையில் தூசி படிந்து கிடந்த ஒரு தடித்த படப்புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாய். எரிமலைச் சாம்பலில் மூடிப்போன ஒரு ரோமானிய ஊரின் சுவர் ஓவியம் அதில் இருந்தது. சிறிய தொட்டிகளுக்குள் நின்று காலால் துணியை மிதிக்கிறவர்கள். துணிக்குக் கந்தகப் புகை காட்டுவதற்காகப் பெரிய கூடை போன்ற ஒரு சட்டத்தைத் தலைவழியே மாட்டிச் சுமந்து வருகிற ஒருவன். "டேய் மாப்ள, இங்க வாயேன். எங்க சித்தப்பா நிக்கிறாரு பாரு!" என்று நீ கத்திய கத்தலில் நூலகர் எழுந்து வந்துவிட்டார்.

அதன் பிறகு ஒரு மாதம் நீ வேறு எதையும் பேசவில்லை. ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் காவிரிப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் கம்பியில் தொங்கிக்கொண்டே எனக்கு ரோமாபுரியைச் சொல்வாய். அவர்களும் அழுக்கை எடுக்க ஒரு மண்ணைத்தான் போட்டார்களாம், உங்கள் உவர்மண் மாதிரி. தெருமுனையில் சட்டி வைத்து மூத்திரம் பிடித்து, புளிக்கவைத்து, அதில் துணியை ஊறப்போடுவார்களாம். நான் முகத்தைச் சுளித்தால், "மூக்கப் பிடிக்காதடா. அந்தப் பெரிய மனுசங்க தோள்ல போட்டிருந்த வெள்ளையெல்லாம் அதுல ஊறி வந்ததுதான்" என்பாய். தேர்தலுக்கு நிற்கிறவன் தன் ஆடைக்குச் சுண்ணாம்புக்கட்டியைத் தேய்த்து இன்னும் வெள்ளையாக்கிக்கொண்டு வீதிக்கு வருவானாம். வேட்பாளருக்கு இங்கிலீஷில் உள்ள ‘கேண்டிடேட்’ என்ற சொல்லே அந்த வெள்ளையிலிருந்து வந்ததுதான் என்று கண்டுபிடித்த அன்று நீ எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாய். "வெள்ளையும் சொள்ளையுமா நின்னவன் பேரெல்லாம் புஸ்தகத்துல இருக்கு. வெளுத்தவன் எங்கடா போனான்? அதைத்தான் எழுதப் போறேன்."

தலைப்பையும் அப்போதே வைத்துவிட்டாய். 'ரோமாபுரியில் துணி வெளுத்தவர்கள்.' எழுச்சி இல்லை, வீழ்ச்சி இல்லை.

வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து தலைப்பைச் சொன்ன நாள் உனக்கு மறந்திருக்காது. உன் முறை வந்ததும் நீ சொன்னாய். துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்ப்பா, ரோமாபுரி வரைக்கும் போயும் துணிதான் வெளுக்கணுமா?" வகுப்பே சிரித்தது. பின்பெஞ்சில் ஒருவன் கழுதை மாதிரி கத்தினான். உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானும் சிரித்தேன். கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன், ஆனால் சிரித்தேன். நீ உட்காரவில்லை. "அங்கயும் யாராவது வெளுத்துத்தானே சார் ஆகணும்?" என்று கேட்டாய். அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "சரி, வெள்ளிக்கிழமை பதிவேட்ல எழுதிடு. பார்க்கலாம்" என்றார். ஆமாம், அவர் ஒத்துக்கொண்டார். அவர்மேல் எனக்கு எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும் அதை மறைக்க முடியாது.

அது தேர்தல் சமயம். வேட்டியும் சட்டையும் மூட்டை மூட்டையாக உங்கள் வீட்டில் வந்து இறங்கின. வியாழக்கிழமை சாயங்காலம் உன்னைத் தேடிக் கொள்ளிடக்கரைக்கு வந்தேன். உன் அப்பாவுக்குக் காய்ச்சல். நீ முழங்கால் தண்ணீரில் நின்று கல்லில் அடித்துக்கொண்டிருந்தாய். மணலில் கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை வேட்டிகள் காய்ந்தன. உன் அம்மா மூலையை மூலையைப் புரட்டி, குறியைப் பார்த்து வீடு வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். படிக்கத் தெரியாதவர்கள், ஒரு உருப்படி மாறாது. "உங்க துணிக்கு என்னடா குறி?" என்று நான் கேட்டேன். "எங்களுக்கு எதுக்குடா குறி? நம்ம துணி நமக்குத் தெரியாதா?" என்று சிரித்தாய்.

அப்போதுதான் கட்டுரையின் முதல் அத்தியாயத்தை எனக்குச் சொன்னாய். ரோமில் தொடங்கி ஸ்ரீரங்கத்துக்கு வரப் போகிறதாம். அழுக்கும் கொல்லைவாசல் வழியாக வெளியே வருகிறது, வெள்ளையும் கொல்லைவாசல் வழியாகவே உள்ளே போகிறது, முன்வாசலுக்கு வருவது உடுத்தியவன் மட்டும்தான் என்று எழுதியிருந்தாய். "உங்க வீட்டுக் கொல்லைவாசலும் வருது. பேரு போடல, பயப்படாத" என்றாய். பிறகு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு என்னால வர முடியாது. பதிவேட்ல என் தலைப்ப நீ எழுதிடு. ஒரு எழுத்து மாத்தாத" என்றாய்.

நான் மாற்றினேன்.

வெள்ளிக்கிழமை காலை பதிவேட்டில் உன் பெயருக்கு எதிரே, என் கையெழுத்தில், 'ரோமானியரின் உடைகள்' என்று எழுதினேன். உன் நல்லதுக்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுபடி யாரும் சிரிக்கக் கூடாது, கௌரவமாக ஒரு தலைப்பு இருக்கட்டும் என்று சப்பைக்கட்டு கட்டினேன். அதெல்லாம் சுத்தப் பொய். எனக்கு இருந்தது எங்கள் வீட்டுக் கொல்லைவாசல் பயம். துறைத்தலைவர் அப்பாவின் வெற்றிலைக் கடைக்குத் தினமும் வருகிறவர். பத்து வருஷச் சிநேகிதனான நீ எங்கள் வீட்டுக்குள் எந்த வழியாக வந்தாய் என்பது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். அது காகிதத்தில் ஏறக் கூடாது. அவ்வளவுதான் என் யோக்கியதை.

பதிவேட்டில் ஏறினால் ஏறினதுதான், யாரும் மாற்ற முடியாது என்பது துறையின் சட்டம். திங்கள்கிழமை நீ வந்து பார்த்தாய். "யாருடா இப்படி எழுதச் சொன்னது?" என்று கேட்டாய். "சார்தான் மாத்தச் சொன்னாரு" என்றேன். ஒரு பொய்யை மூட இன்னொரு பொய். நீ அந்த வரியின் மேல் விரலை வைத்து இன்னொரு முறை படித்தாய். பிறகு, "சரி, உடைன்னா உடை. உடுத்தினவன் இருந்தா வெளுத்தவனும் இருக்கணும்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய்.

நீ உன் கட்டுரையைத்தான் எழுதினாய். அட்டையில் 'ரோமானியரின் உடைகள்', உள்ளே முழுக்க வெளுத்தவர்கள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் முதல் பக்கத்தில் சிவப்பு மையால், 'தலைப்புக்கும் உள்ளே எழுதியிருப்பதற்கும் தொடர்பில்லை' என்று எழுதி, பாஸ் மார்க் மட்டும் போட்டார். அவரையும் குற்றம் சொல்ல முடியவில்லை, தொடர்பு இல்லைதான். மேலே ஆராய்ச்சிக்குப் போக அந்தத் தாளில் அறுபது வேண்டும். சீசரைக் குத்திய நான் போனேன். நீ சர்வீஸ் கமிஷன் எழுதிக் குமாஸ்தா ஆனாய்.

இனி என் சண்டைக்கு வருகிறேன். இருபத்தேழு வருஷம் நீ என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் கல்யாணத்துக்கு வந்து பந்தியில் பரிமாறினாய். அப்பா இறந்தபோது முதல் ஆளாக வந்து நின்றாய், அன்றைக்கு முன்வாசல் வழியாக. நான் பேராசிரியர் ஆனபோது சால்வை போட்டாய். தாலுகா ஆபீஸ் வாசல் டீக்கடையில் எத்தனை சாயங்காலம் உட்கார்ந்து பேசியிருப்போம்! ஒரு நாள், ஒரே ஒரு நாள், "ஏன்டா அப்படி எழுதின?" என்று என் சட்டையைப் பிடித்திருக்கக் கூடாதா? நான் உண்மையைக் கக்கியிருப்பேன். நீ அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். நீ என்னடாவென்றால் மறந்தவன் மாதிரி இருந்து, ஆபீஸ் போகிற வழியில் பஸ்ஸிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து, என்னை இப்படி நட்டாற்றில் விட்டுவிட்டுப் போய்விட்டாய். உன் பொறுமை எனக்கு வேண்டாம்டா. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

போன வாரம் துறை அலமாரியைக் காலி செய்தார்கள். கம்ப்யூட்டர் வைக்க இடம் வேண்டுமாம். எழுந்து விழுந்த சாம்ராஜ்யங்களெல்லாம் கட்டுக்கட்டாகப் பழைய பேப்பர் கடைக்குப் போயின. பதிவேட்டைத் தேடினேன், கரையான் தின்றிருந்தது. உன் கட்டுரையை மட்டும் நான் இழுத்து எடுத்துக்கொண்டேன். முதல் பக்கத்தில் தேர்வாளரின் சிவப்பு மை மங்கியிருந்தது. மூலையில் பைண்டிங் துணிக்கு அடியில் ஏதோ கறை. மை கொட்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அதைக் கையில் எடுத்த வேகத்தில் நேராகத் துறைத்தலைவர் வீட்டுக்குப் போனேன். இரங்கல் கூட்டத்தில் விழுங்கியதெல்லாம் தொண்டைக்கு வந்திருந்தது. ஸ்ரீரங்கத்தில் அதே வீடு, அதே ஈஸிசேர். "அவனுக்குத் தலைப்பு எடுக்கத் தெரியலன்னு எப்படி சார் சொல்லலாம்? அன்னிக்கு வகுப்புல அவன வச்சு சிரிச்சது நீங்க" என்று நின்றபடியே கத்தினேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். அந்தப் பழக்கம் போகவில்லை. "சிரிச்சேன். தப்புதான். ஆனா எழுதச் சொன்னேனேப்பா. பதிவேட்டப் பார்த்தா ‘உடைகள்’னு இருந்துச்சு. பயந்து அவனே மாத்திக்கிட்டான்னு நினைச்சேன். ஏன், அதை எழுதினது யாரு?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தெரியல சார்" என்றேன். ஐம்பது வயதில், நீ செத்த பிறகு, உனக்காகச் சண்டை போடப் போன இடத்தில். வெளியே வந்து ராஜகோபுரத்துப் பக்கம் ஆட்டோக்காரர்கள் நடுவே நின்றபோது என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அந்தக் கட்டுரையை என் வீட்டில் வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. நேற்று உன் அம்மாவிடம் கொடுத்துவிடலாம் என்று கொள்ளிடக்கரைக்குப் போனேன். கண் கொஞ்சம் மங்கல், மற்றபடி அதே ஆள். "வாங்க தம்பி, உள்ள வந்து உக்காருங்க" என்று பாயை விரித்தார்கள். "இது உங்க மகன் காலேஜ்ல எழுதினதும்மா. உங்ககிட்ட இருக்கட்டும்னு கொண்டாந்தேன்" என்று நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பிறகு அட்டையைத் திறந்தார்கள். எழுத்துப் பக்கம் கண் போகவில்லை. கை தானாக மூலைக்குப் போனது. பைண்டிங் துணியின் ஓரத்தை நகத்தால் விலக்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்கள்.

"இது உங்க வீட்டு உருப்படியாச்சே தம்பி. கோடும் ரெண்டு புள்ளியும் இருக்கே. அவன்தான் வச்சிருக்கான், அவன் கைதான் இப்படிச் சாயும்" என்றார்கள். "இதை ஏன் எங்கிட்ட கொண்டாந்தீங்க?"

என் கையிலேயே அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

நான் வைத்த தலைப்பு உள்ள அட்டைக்கு நேர் அடியில், முதல் பக்கத்து மூலையில், எங்கள் வீட்டுக் குறி. அப்படியானால் சார் மாற்றச் சொல்லவில்லை, நானாகத்தான் மாற்றினேன் என்பது உனக்கு அன்றே தெரியும். கட்டுரையைக் கொடுப்பதற்கு முன்பே தெரியும். சேங்கொட்டைப் பாலைத் தொட்டு, இது யார் வீட்டு அழுக்கு என்று எழுதி வைத்துவிட்டுத்தான் என்னோடு டீ குடித்திருக்கிறாய். இன்று காலை பரணில் ஏறியது அதற்காகத்தான். வேட்டியையும் உன் கட்டுரையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கோடு சாய்கிற சாய்வு மட்டும் வேறு. ஏன்டா, இவ்வளவு தெளிவாகச் சொல்லத் தெரிந்த நீ அதை வாயால் சொல்லியிருக்கக் கூடாதா?

இந்தக் கோபம் ஆறுமா என்று தெரியவில்லை. ஆற வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன். சாயங்காலம் துறைத்தலைவர் வீட்டுக்கு மறுபடி போகிறேன். போன வாரம் கேட்டாரே, எழுதினது யாரென்று, அதற்குப் பதில் சொல்லிவிட்டு வருகிறேன். உன் கட்டுரை இனி என் பையிலேயே இருக்கும். அதன் அட்டையில் உள்ள தலைப்பு என்னுடையது. யார் கேட்டாலும் அப்படியே சொல்வேன்.

இந்தக் கடிதத்தின் மேலே உன் தலைப்பை எழுதியிருக்கிறேன். ஒரு எழுத்து மாற்றவில்லை. உங்கள் துணிக்குத்தான் குறி கிடையாதே, மூலையில் எதுவும் வைக்கவில்லை.